தாத்தாவின் ஜான்சன் இஞ்சினுக்கு எந்தப் பெயின்ட்?

நான்: அனைவருக்கும் வணக்கம். தாத்தா கொழும்பிலிருந்து வாங்கி வந்த ஜான்சன் சீ ஹார்ஸ் அவுட்போர்டு மோட்டாரின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இஞ்சின்) உள்வேலை முடிந்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டியும் பார்த்துவிட்டோம். இனி பெயின்ட் மட்டும்தான் பாக்கி. வள்ளியூரில் பெயின்ட் கடைக்காரர், ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை அடித்து, அதன்மேல் பச்சை எனாமல் இரண்டு கை அடித்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது சரிதானா அத்தான்?

அத்தான்: ரெட் ஆக்சைடை டப்பா திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. அது இரும்புக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் உரியது. உன் இஞ்சினின் உடல் அலுமினிய வார்ப்பு. அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், காற்றுப் பட்ட உடனேயே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதற்கென்று செய்த பிரைமர் இல்லாமல் எதை அடித்தாலும் ஒரு வருடத்தில் அப்பளம் போல உப்பிப் பெயர்ந்து வரும். இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்ஸி பிரைமர் வாங்கு. எட்ச் பிரைமரும் நல்லதுதான். ஆனால் அது அமிலம் கலந்தது என்பதால் அதன்மேல் எப்பாக்ஸி ஒட்டாமல் போகலாம், இரண்டையும் சேர்த்து அடிக்க நினைக்காதே.

பெரியப்பா: எனக்குத் தெரிந்தவரை அது பச்சை இல்லை, நீலம். நான் அதை எத்தனையோ நாள் தோளில் சுமந்து கரையேற்றியிருக்கிறேன்.

நான்: பெரியப்பா, மூடியின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். மேலே நீலம், அதற்கடியில் சாம்பல் கலந்த வெள்ளை, அதற்கும் கீழே கரும்பச்சை, கடைசியாக மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய பூச்சு, பிறகு உலோகம். வெயிலும் உப்பும் படாத பெயர்த்தகட்டின் அடியிலும் அதே கரும்பச்சைதான் புதிது போல இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் அந்த நீலம் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சியதாக இருக்கும். நம் கரையில் டப்பாவின் அடியில் கிடக்கும் பெயின்டை யாரும் வீணாக்குவதில்லை. துடுப்பு, இஞ்சின், வீட்டுச் சன்னல் எல்லாவற்றுக்கும் அதுவே போய்ச் சேரும். எவின்ரூட் இஞ்சின் நீலமாக வந்ததைப் பார்த்த நினைவையும் நான் இதோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். ஜான்சனும் எவின்ரூட்டும் ஒரே கம்பெனியின் இரண்டு பெயர்களாகத்தானே இருந்தன.

அத்தான்: அவ்வப்போது சாயலை மாற்றியிருக்கிறார்கள், ஆகவே இணையத்தில் வரும் படத்தைக் காட்டிக் கலர் கலக்கச் சொல்லாதே, கைப்பேசித் திரை ஒவ்வொன்றும் ஒரு பச்சையைக் காட்டும். படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டு எண்ணைக் குறித்துக்கொள், பெயர்த்தகட்டைக் கழற்றிய இடத்தைத் தேய்க்காமல் அப்படியே கொண்டு வா. கார் பெயின்ட் கலக்கும் கடையில் அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்துக் கலந்து கொடுப்பார்கள்.

அத்தை: முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அடியில் உள்ள மஞ்சள்பச்சைப் பூச்சைக் குரோமியம் கலந்த ஜிங்க் குரோமேட் பிரைமர் என்றே எடுத்துக்கொண்டு நடப்பதுதான் நல்லது, அந்தக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. உலர்ந்த நிலையில் தேய்க்காதே. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றை முற்றத்தில் ஊற்றாமல் தனி வாளியில் பிடித்து வை, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே. பழைய பெயின்டை எடுக்கக் காஸ்டிக் சோடா போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது பெயின்டோடு அலுமினியத்தையும் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும்.

சித்தி: எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் செய்தோம், இன்றுவரை ஒரு கீறல் இல்லை. அதையே செய்துவிடலாமே?

அத்தான்: மதினி, அதை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். ரப்பர், ஆயில் சீல் என்று ஒன்று விடாமல் கழற்றியாக வேண்டும். இந்த வயதுள்ள இஞ்சினில் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் முறிய வாய்ப்புண்டு. மூடிக்கு மட்டும் என்றால் செய்யலாம். தம்பி, இதை ஓட்டப் போகிறாயா, கூடத்தில் நிறுத்தி வைக்கப் போகிறாயா? அதைப் பொறுத்துத்தான் மேல்பூச்சு.

நான்: மாதம் ஒரு முறையாவது உவரியில் கடலில் இறக்கி ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

அத்தான்: அப்படியென்றால் சாதாரண எனாமல் தாங்காது. பெட்ரோல் ஊற்றும்போது வழிந்து விழும் இடத்தில் எனாமல் மெத்தென்றாகிச் சுருங்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ கே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் நிற்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்ப்ரே செய்யும்போது அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடும். முகத்தில் கட்டும் துண்டு அதற்குப் போதாது. உன் வீட்டு முற்றத்தில் வேண்டாம், என் பாளையங்கோட்டைப் பட்டறைக்குக் கொண்டு வந்துவிடு. உப்புக்காற்று வீசும் இடத்தில் பிரைமர் அடிப்பதும் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதும் ஒன்றுதான்.

பெரியப்பா: தண்ணீருக்குள் இறங்கும் கால் பகுதிக்கு, விசைப்படகின் அடியில் அடிக்கும் பாசி பிடிக்காத பெயின்டை அடிக்கலாமா?

அத்தான்: வேண்டாம் மாமா. அதில் பெரும்பாலும் செம்பு கலந்திருக்கும். உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிபட்டுப் போவது அலுமினியம்தான். ஓட்டி முடித்ததும் கரையேற்றிவிடும் இஞ்சினில் பாசி பிடிக்க நேரமும் இல்லை. மேல்பகுதிக்கு அடிக்கும் அதே பூச்சே காலுக்கும் போதும். தண்ணீர் உறிஞ்சும் துளைகளையும் புரொப்பல்லர் தண்டையும் டேப் ஒட்டி மறைத்துவிடுவேன்.

நான்: மூடியில் உள்ள கடல்குதிரைப் படமும் எழுத்துகளும் பாதி அழிந்திருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

அத்தான்: தேய்ப்பதற்கு முன்பே டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் வரைந்துகொள், விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து எழுது. ஸ்டிக்கர் வெட்டுபவரிடம் அதைக் கொடுத்தால் போதும். பச்சையின்மேல் ஸ்டிக்கரை ஒட்டி, அதற்கும் மேலே கிளியர் கோட் அடித்துவிடலாம்.

பெரியப்பா: மூடியின் இடப்பக்கம் உள்ள பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பிவிடாதீர்கள். கூடுதாழையில் பாறையில் மோதியபோது விழுந்தது அது, அப்பா அதைத் தட்டி எடுக்கவே விடவில்லை.

அத்தான்: தொடமாட்டேன் மாமா. தம்பி, சனிக்கிழமை வா. அதற்கு முன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவிடு. பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, மூடியையும் காலையும் தனித்தனிச் சாக்கில் சுற்றிக் கொண்டு வா. இரும்புக் கம்பி பிரஷ்ஷால் மட்டும் தேய்த்துவிடாதே, அதன் துகள் ஒட்டிய இடமெல்லாம் பிறகு புள்ளி புள்ளியாகத் துருவைக் காட்டும்.