புதுப்பிப்பு: குன்னூர் மூடுபனியில் லைக்கா எம்11

போன வாரம் இதே இழையில் புதிதாக வாங்கிய லைக்கா எம்11 பற்றி எழுதியபோது, ஆட்டோஃபோகஸ் (தானாகத் தெளிவைச் சரிசெய்யும் வசதி) இல்லாத கேமரா குன்னூர்ப் பனியில் சரிப்படுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஐந்து நாள் காலையும் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தேன்.

முதல் நாள் திணறினேன். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் நடுவே சின்னக் கட்டத்துக்குள் காட்சி இரண்டாகத் தெரியும்; லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினால்தான் ஃபோகஸ். இதுதான் ரேஞ்ச்ஃபைண்டர். பனிக்கு விளிம்பே இல்லையே, எதை எதோடு சேர்ப்பது? கட்டத்துக்குள் தெரியும் இரண்டாவது பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும், அதற்கு நெட்டுக்கோடு வேண்டும். சரி என்று ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்தேன். இரண்டு தண்டுகள் மெல்ல ஒன்றாயின. அதே தூரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவின் முதுகுப்பைத் தையல்கூட அத்தனை துல்லியம்! 60 மெகாபிக்சல் சும்மா இல்லை.

வ்யூஃபைண்டரில் படத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரிவது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 50 மி.மீ. லென்ஸுக்குப் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டகக் கோட்டுக்குள் ஆள் நுழையுமுன்பே தயாராகிவிடலாம். கறுப்பு பாடி 530 கிராம், மேடு ஏறக் கனமில்லை. 0.7 மீட்டருக்குக் கிட்டே ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்ய முடியாது. பூக்களை நெருங்கி எடுப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

அப்புறம், நாளை மலை ரயிலைப் படமெடுக்கப் போகிறேன்.