குட்டி நாய்க்குக் கண்ணில் வந்த பிரச்சினை: உங்கள் அனுபவம்

மழைக்குருவி:
செர்ரி ஐ, அதாவது நாயின் மூன்றாம் இமையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி பிதுங்கி வெளியே வருவது, என்றால் என்ன என்று இங்கே பலருக்கும் சொல்லத் தேவையில்லை. என் பீகிளுக்கு அப்போது 5 மாதம். தூங்கி எழுந்து வந்தவளின் வலது கண் மூலையில் பட்டாணி அளவுக்குச் சிவப்பு உருண்டை. டாக்டர் விரலால் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார், போயே போய்விட்டது. நிம்மதியாக வந்து வாசலில் இறக்கிவிட்டேன். ஒரே ஒரு தும்மல். உருண்டை மறுபடியும் வெளியே! அவள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் படியில் உட்கார்ந்து அழுகிறேன். அப்புறம் சுரப்பியை உள்ளே வைத்துத் தைத்தார்கள். 8 மாதத்தில் இடது கண்ணிலும் வந்தது. இன்றைக்கும் அவள் தும்மினால் முதலில் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

கறுப்புமூக்கு:
இரண்டு முறை மயக்க மருந்தா, பாவம். எங்கள் புல்டாக்குக்கு 10 மாதத்தில் வெட்டியே எடுத்துவிட்டார்கள். சட்டென்று முடிந்தது, திரும்ப வரவும் இல்லை. ஒன்றரை வருடமாகிறது. எதற்கு இவ்வளவு தையல் என்று எனக்குப் புரியவில்லை.

நாலுகால்:
வெட்டலாம் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. எங்கள் காக்கருக்கும் வெட்டினோம், அப்போது கண் அழகாகத்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்துக் கீழிமையில் ஒரு தாள் துண்டைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார்கள். கண்ணீரில் 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். 4 தான் நனைந்தது. டாக்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. கண் வறண்டுவிட்டது. இப்போது தினம் இரண்டு வேளை, கண்ணீர் சுரக்க வைக்கும் சைக்ளோஸ்போரின் களிம்பு, அவன் இருக்கும்வரை.

பழையசெருப்பு:
என் கதை சின்னது. பூனை பிறாண்டி, 4 மாதக் குட்டி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு எப்போதோ வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருந்தது, இரண்டு நாள் விட்டேன். டாக்டர் கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கு அடித்தார். கருவிழியில் பச்சையாக ஒரு திட்டு மின்னியது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "இது ஸ்டீராய்டு ஆச்சே" என்றார். புண்ணில் அதை விட்டால் ஆறாது, ஆழமாகும்.

அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். மனிதர் மருந்து, போன வருட மருந்து எதையும் தொடாதீர்கள். கண்ணைத் திறக்காமல் சுருக்கினாலே வலி என்று அர்த்தம், அன்றைக்கே காட்டிவிடுங்கள். கண்ணைச் சொறியாமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள், ஒரு பாதம் போதும் தையலைப் பிரிக்க. சொட்டு விடும்போது எதிரே நிற்காமல் பின்னாலிருந்து தலையைத் தூக்கி விடுங்கள், பாட்டில் வருவதே அதற்குத் தெரியாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி. களிம்பு கடைசியில்தான். முகம் சப்பையான இனம் என்றால் கழுத்துப் பட்டையை விட்டு மார்புப் பட்டைக்கு மாறுங்கள், இழுத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும்.

மழைக்குருவி:
கூம்பையே கடித்துத் தின்றவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள், ஐயா.

கறுப்புமூக்கு:
நாலுகால், அந்தத் தாள் சோதனைக்கு முன்னால் ஏதாவது தெரிந்ததா? இவனுக்கு ஒரு மாதமாகக் காலையில் பசை மாதிரி பீளை. தூக்கக் கலக்கம் என்று துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாலுகால்:
அதேதான். நாளைக்கே கூட்டிப்போங்கள்.