ஃபோர்க் கல்லாக இருக்கிறது: காற்றா, ஆயிலா?

மண்பாதை_கோவை:
வணக்கம். என் மலைச் சைக்கிளின் முன்பக்கம் 100 மி.மீ. அமுங்கும், காற்று அடைத்த ஏர் ஃபோர்க், வாங்கி 14 மாதம் ஆகிறது. என் எடை பையோடு 72 கிலோ. மருதமலைப் பக்கம் வாரம் நாலு மணி நேரம் ஓட்டுகிறேன், மழைக்காலம் முழுக்கச் சேற்றில்தான். இப்போது சின்னக் கற்களுக்கு ஃபோர்க் அசைவதே இல்லை. அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகிறது. இன்னொன்று, ஞாயிறன்று 85 பி.எஸ்.ஐ. அடித்தால் அடுத்த ஞாயிறு ஷாக் பம்பில் 75தான் காட்டுகிறது. கடையில் ஏர் சீல் (காற்றை அடைக்கும் ரப்பர்) போய்விட்டது என்றார்கள். ஃபோர்க்கின் கால்களில் ஏதோ துரு நீக்கும் ஸ்பிரே அடித்தார்கள். இரண்டு நாள் மெத்தென்று இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். சீல் மாற்றத்தான் வேண்டுமா?

நீலகிரிச்_சரிவு:
தம்பி, சீலுக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டாம். அந்த 10 பி.எஸ்.ஐ. எங்கும் கசியவில்லை. பம்பை மாட்டியதும் ஃபோர்க்கில் இருக்கும் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போய்விடும், அதனால்தான் முள் குறைத்துக் காட்டுகிறது. கழற்றும்போது வருகிற 'புஸ்' சத்தமும் குழாயில் இருந்த காற்றுதான். 85 அடித்துக் கழற்றி, உடனே திரும்ப மாட்டிப் பாருங்கள். அப்போதும் 75 பக்கம்தான் காட்டும்.

முள்ளை விட்டுவிட்டு ஸாக், அதாவது உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். மேல்காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, பையோடு பெடலில் எழுந்து நின்று, ஆடாமல் இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 மி.மீ. இறங்கியிருந்தால் நல்லது. உங்களுக்கு 10கூட வராது என்று நினைக்கிறேன்.

ஆனால் உண்மையான கோளாறு ஆயில். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை லோயர் சர்வீஸ் (கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றுவது) சொல்கிறது. உங்கள் கணக்கில் 200 தாண்டிவிட்டது. தூசி சீலுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு வளையம் உண்டு. ஆயிலில் ஊறிக் காலை நனைத்துக்கொண்டிருப்பது அதன் வேலை. அது காய்ந்து சேறு பிடித்திருக்கும். அந்த ஸ்பிரே மிச்சமிருந்த கிரீஸையும் கழுவிவிட்டது. பார்க்கவே மனசு வலிக்கிறது.

வீட்டிலேயே செய்யலாம். முதலில் காற்றை முழுவதும் இறக்குங்கள், இதில் விளையாட வேண்டாம். அடியில் உள்ள இரண்டு போல்ட்டையும் நாலு சுற்று மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டுங்கள். உள்தண்டு விடுபட்டதும் போல்ட்டைக் கழற்றி லோயரை உருவலாம். பழைய ஆயிலுக்கு ஒரு தட்டு வையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். ஸ்பாஞ்சைப் புது ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள். எந்த ஆயில், எத்தனை மில்லி என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். அடுத்தவர் சொன்ன அளவை ஊற்றாதீர்கள்.

மண்பாதை_கோவை:
அண்ணா, செய்துவிட்டேன்! ஸாக் 9 மி.மீ.தான் இருந்தது. வலது காலில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை, இடதில் கறுப்பாகக் குழம்பு மாதிரி வந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் செம்மண். இப்போது 70 பி.எஸ்.ஐ., ஸாக் 20. ஆனால் கல்லில் இறங்கி ஏறும்போது ஹேண்டில் கையை உதைக்கிறது.

நீலகிரிச்_சரிவு:
அது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழுவது, வேகம் அதிகம். அடியில் உள்ள சிவப்புக் குமிழை ஆமைப் படம் உள்ள (மெதுவான) பக்கம் இரண்டு கிளிக் திருப்புங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றால் சரி, மறுபடி குதித்தால் இன்னொரு கிளிக்.

பனிமூட்டம்:
ஊட்டிக்கு ஏற்றிவந்தால் காற்று மாற்ற வேண்டுமா?

நீலகிரிச்_சரிவு:
கோவையில் 33 டிகிரி, ஊட்டியில் 13 என்றால் குளிரில் அழுத்தம் குறையும். உயரத்தில் வெளிக்காற்று லேசாக இருப்பதால் அதில் பாதியளவு ஈடாகிவிடும். 70க்கு மொத்தத்தில் 3 போலத்தான் இறங்கும். வண்டியை இறக்கி, ஃபோர்க் ஆறும்வரை ஒரு டீ குடித்துவிட்டு ஸாக் பாருங்கள். 20க்கு மேல் போனால் மட்டும் பம்பை எடுங்கள்.