மறு: ‘ரீஜெனரேட்டிவ் ஸ்டீயரிங்’ – மடைமாற்றுத் திருப்பல் எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்’கை மீளாக்கத் தடுப்பு என்கிறோம். டாங்கிக் கட்டுரையில் வரும் ‘ரீஜெனரேட்டிவ் ஸ்டீயரிங்’கை மீளாக்கத் திருப்பல் என்று வைத்துவிடலாமே ஐயா?

வைக்கலாம் அம்மா, ஆனால் வாசகர் வேறெதையோ நினைத்துக்கொள்வார். மின்சார ரயிலில் பிரேக் போட்டால் ஓட்டத்தின் ஆற்றல் மின்சாரமாக மாறிக் கம்பிக்குத் திரும்புகிறது. அங்கே மீளாக்கம் பொருந்தும். டாங்கியில் எதுவும் மறுபடி ஆக்கப்படுவதில்லை, சேமிக்கப்படுவதும் இல்லை. ஒரு பக்கத்துத் திறன் அந்த நொடியே பற்சக்கரங்கள் வழியாக மறுபக்கம் போகிறது.

கார் மாதிரி சக்கரத்தை ஒடித்துத் திருப்ப டாங்கியில் வழியில்லை. இரண்டு செயின்களில் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடினால்தான் வண்டி திரும்பும். இடப்பக்கம் திரும்பும்போது இடது செயினை மட்டுப்படுத்துகிறோம். வண்டியோ முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் தரை அந்தச் செயினை இழுத்துச் சுற்றுகிறது. எஞ்சின் செயினை ஓட்டுவது போய், செயின் பற்சக்கரத்தை ஓட்ட ஆரம்பிக்கிறது. இப்படி உள்ளே வரும் திறனை என்ன செய்வது? நமக்கு வேண்டிய சொல் இந்த இடத்துக்குத்தான்.

1916 செப்டம்பரில் சோம் போர்முனையில் இறங்கிய பிரிட்டனின் மார்க் 1 டாங்கியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 28 டன் வண்டி, 105 குதிரைத்திறன் எஞ்சின். உள்ளே இருந்த எட்டுப் பேரில் நான்கு பேர் வண்டியை ஓட்டவே வேண்டும்: ஓட்டுநர், பிரேக் பிடிக்கும் தளபதி, பின்னால் பக்கத்துக்கு ஒருவராகக் கியர் மாற்றும் இருவர். எஞ்சின் நடுவில் மூடாமல் இரைந்துகொண்டிருந்ததால் பேச்சு காதில் விழாது. உலோகத்தில் தட்டிக் கவனத்தைத் திருப்பி, கைச்சாடையில் ‘இடது கியரை எடு’ என்று சொல்ல வேண்டும். கியரை எடுத்ததும் தளபதி அந்தப் பக்கத்து பிரேக்கை இழுப்பார். குண்டு விழும் இடத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இந்தப் பாடு. 1918இல் வந்த மார்க் 5 டாங்கியில் வால்டர் கார்டன் வில்சன் பக்கத்துக்கு ஒரு கோள்பல்லிணையை (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் ஓடும் அமைப்பை) வைத்த பிறகு ஓட்டுநர் ஒருவரே போதும் என்றானது.

அப்போதும் திறன் வீணாகத்தான் போனது. உட்பக்கத்து, அதாவது வண்டி திரும்பும் பக்கத்து, இணைப்பை (கிளட்சை) விட்டு பிரேக்கைப் பிடித்தால், அங்கே வரும் திறன் முழுக்கச் சூடாகிறது. வெளிச்செயினுக்கு வேண்டியதை எல்லாம் எஞ்சினே தர வேண்டும். சேற்றிலும் மேட்டிலும் வண்டி திணறும். இரண்டாம் உலகப்போரின் சோவியத் டாங்கியான டி-34 கூட கிளட்ச்-பிரேக் வகைதான்.

மெரிட் என்ற பொறியாளரும் டேவிட் பிரவுன் நிறுவனமும் சேர்ந்து செய்த மெரிட்-பிரவுன் கியர்ப்பெட்டி, பிரிட்டனின் சர்ச்சில் டாங்கியில் வந்தபோதுதான் இது மாறியது. இதில் இரு பக்கமும் எப்போதும் பற்சக்கரங்களால் பிணைந்தே இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு செயினுக்கு எவ்வளவு வேகம் குறைகிறதோ அவ்வளவு மற்றதற்குக் கூடும். உட்செயின் தரையிலிருந்து வாங்கும் திறன் வெளிச்செயினுக்குப் போய்ச் சேரும். தாழ்ந்த கியரில் குறுகிய வட்டம், உயர்ந்த கியரில் அகன்ற வட்டம். கியரை நியூட்ரலில் வைத்தால் செயின்கள் எதிரெதிராக ஓடி வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். இதுவரை வந்த டாங்கிப் பொறியியலில் இதற்கு ஈடான யோசனை மிகக் குறைவு என்பேன். ஜெர்மனியின் டைகர் டாங்கியிலும் இதே வழியில் அமைந்த பெட்டிதான்: எட்டு கியர், கியருக்கு இரண்டு வட்டம், ஆகப் பதினாறு.

நம் ஊருக்கும் இது வந்தது. ஆவடியில் கட்டிய விஜயந்தா டாங்கியின் டிஎன்12 கியர்ப்பெட்டியில் வில்சனின் கோள்பல்லிணை முறையும் மெரிட்டின் திருப்பலும் ஒன்றாக இருந்தன. அந்த ஊரிலேயே இத்தனை டாங்கி செய்தும் தமிழில் இதைச் சொல்ல ஒரு சொல் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

என் பரிந்துரை: மடைமாற்றுத் திருப்பல். வயலில் ஒரு பாத்திக்குப் போகும் நீரை மடை அடைத்து அடுத்த பாத்திக்கு விடுவது போல, பழைய முறையில் உட்செயினில் பிரேக் தின்றுவிடும் திறனை வெளிச்செயினுக்கு விடுகிறோம். ‘கைமாற்றுத் திருப்பல்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டிய கடன் நினைவுக்கு வரும். இங்கே திறன் ஒருவழியாகத்தான் போகிறது. ‘நிதி மடைமாற்றம்’ என்று செய்தித்தாளில் குற்றமாக எழுதுகிறார்களே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் திருப்பலோடு சேர்ந்து வரும்போது அந்த வாடை ஒட்டாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், கிளட்ச்-பிரேக் வகைக்கு ‘விட்டுப்பிடித் திருப்பல்’ எப்படி? கிளட்சை விடுகிறோம், பிரேக்கைப் பிடிக்கிறோம்; செய்வது அப்படியே சொல்லில் இருக்கிறது. நின்ற இடத்தில் சுழல்வதை ‘நிலைச்சுழல்’ எனலாம். லெப்பர்ட் 2, ஏப்ரம்ஸ் போன்ற டாங்கிகளில் பம்பும் எண்ணெய் அழுத்தமும் திருப்பலைப் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வைக்கின்றன. அந்த ‘ஹைட்ரோஸ்டேட்டிக்’ வகைக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ஜேசிபி, பொக்லைன் வேலையில் இருப்பவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால், பட்டறையில் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.