காந்தத்தால் வன்தட்டை வெறுமையாக்குவதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கழிவாகும் கணினிகளைக் கையாளும் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வன்தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, வலுவான காந்தப்புலத்தால் தரவு முழுவதையும் போக்குவதை ‘டீகாஸிங்’ என்கிறார்கள். ‘அழித்தல்’ என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. கோப்பை அழிப்பதற்கும் அதே சொல்தான். அப்படி அழித்த கோப்பு பெரும்பாலும் தட்டிலேயே கிடக்கும், மீட்டெடுத்துவிடலாம். இந்த வேறுபாடு புரியாமல் போனால் யாரோ ஒருவரின் மருத்துவக் குறிப்பு பழைய இரும்புக் கடைவரை போய்ச் சேரும்.

— மொழிபெயர்ப்பாளர்

*

ஐயா, சொல் பிறந்த இடத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர், கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிவெடிகளைக் கடலில் போட்டார்கள். 1939 நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினஸ் கரைச் சேற்றில் ஒன்று சிக்க, அதன் சூட்சுமம் தெரிந்தது. உடனே பிரிட்டிஷார் தங்கள் கப்பல்களைச் சுற்றிக் கம்பிச்சுருள் கட்டி, மின்னோட்டம் செலுத்தி, கப்பலின் காந்தப்புலத்தை மட்டுப்படுத்தினார்கள். காந்தப்புலத்தை அளக்கும் ‘காஸ்’ என்ற அலகிலிருந்து ‘டீகாஸிங்’ என்ற சொல்லை ஆக்கியவர் பிரிட்டிஷ் கடற்படையின் சார்லஸ் குடீவ். சுருள் கட்ட நேரமில்லாத கப்பல்களின் பக்கவாட்டில் மின்வடத்தை இழுத்துத் தேய்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘துடைத்தல்’. நமக்கும் ‘காந்தத் துடைப்பு’ போதாதா?

— ஓய்வுபெற்ற பொறியாளர்

*

துடைப்பு என்றால் துணியும் கையுமாக நிற்பார்கள். ‘காந்த அறுப்பு’ என்பதே செறிவு. காந்தம் ‘அயஸ்காந்தம்’ என்ற வடசொல்லின் குறுக்கம் என்று எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வயிறு காந்துகிறது, சோறு காந்திவிட்டது என்கிறோமே, அந்தக் ‘காந்து’ நம் வினை. வேரை அங்கே தேட வேண்டும்.

— தமிழாசிரியர்

*

ஐயா, உங்கள் ‘காந்து’ சுடுவதைக் குறிக்கிறது. இரும்போ 770 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுட்டால் காந்தத்தன்மையை இழக்கிறது. வேர் பொருந்தவில்லை. மேலும், சேர்த்து எழுதினால் ‘காந்தவறுப்பு’ ஆகும். பணியாளர் ‘வறுப்பு’ என்று படித்துவிடுவார்.

பாடநூலில், காந்தத்தன்மையைப் போக்கத் தேவையான எதிர்ப்புலத்தின் அளவைக் குறிக்க ‘காந்த நீக்குத்திறன்’ என்ற சொல் இருப்பதால் ‘காந்த நீக்கம்’ என்று பலர் சொல்வீர்கள். ஆனால் தட்டிலிருந்து எதுவும் நீங்குவதில்லை. நுண்ணிய காந்தப் பகுதிகள் தாங்கியிருந்த ஒழுங்குதான் போகிறது. வாசல் கோலத்தைக் காலால் கலைத்தால் மாவு அங்கேயே கிடக்கும், கோலம் இருக்காது. ஆகவே ‘காந்தக் கலைப்பு’. வன்தட்டின் முள் தன் இடத்தைக் கண்டுகொள்ள ஆலையில் பதித்த குறிகளும் இதில் கலைந்துவிடுவதால் அந்தத் தட்டு மறுபடி ஓடாது என்பதையும் எழுதுங்கள்.

— இயற்பியல் ஆசிரியை

*

அம்மா, கோலம் மனத்தில் நின்றுவிட்டது. ஆனால் கலைப்பு என்றதும் சட்டமன்றமும் கருவும்தான் நினைவுக்கு வருகின்றன. எண்ணிப் பார்த்ததில் ஏழு பேர் ‘காந்த நீக்கம்’, மூவர் ‘கலைப்பு’. நாளை அச்சு. ‘காந்த நீக்கம்’ என்றே போடுகிறேன். அருகிலேயே தடித்த எழுத்தில்: ‘இதன்பின் தட்டு பயன்படாது. சில்லுகளால் ஆன எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் தரவு மின்னூட்டமாக இருப்பதால் காந்தம் அதை அழிக்காது. எஸ்எஸ்டியை நொறுக்க வேண்டும்.’

— மொழிபெயர்ப்பாளர்

*

அந்த இரண்டு வரியைப் போட்டதற்கு நன்றி. என் வகுப்பில் ‘கலைப்பு’ என்றுதான் சொல்லித் தருவேன்.

— இயற்பியல் ஆசிரியை