நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) எப்படி வழி பிடித்தார்கள்?

பீடோங்வாசி:
நேற்று மகளைக் கெடாவில் உள்ள மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். வெளியே வந்ததும், "ஜிபிஎஸ் இல்லாம சோழர் கப்பல் இங்க எப்படிப்பா வந்துச்சு?" என்றாள். நட்சத்திரத்தைப் பார்த்து என்றேன். "எப்படிப் பார்த்து?" என்றாள். பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பால்மரத்துப் பேரன்:
தம்பி, எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் தோணி ஓடியவர், இங்கே தோட்டத்துக்கு வந்து பால்மரம் (ரப்பர்) சீவினார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) போகுமுன் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று வடக்கே கையை நீட்டி, விரலைப் படுக்கவைத்து அளப்பார். துருவ மீன் (துருவ நட்சத்திரம்) அடிவானத்துக்கு மேல் எத்தனை விரல் நிற்கிறதோ, அதுதான் ஊர்க்கணக்கு. ஒரு விரல் சுமார் 1.6 பாகை (டிகிரி). நாகப்பட்டினம் நிலநடுக்கோட்டிலிருந்து 10.8 பாகை வடக்கு, மெர்போக் 5.7; துருவ மீனும் ஏறக்குறைய அதே பாகை உயரத்தில்தான் தெரியும். மீன் மூன்று விரல் இறங்கினால் கெடாவுக்கு நேராக வந்துவிட்டோம்.

பிறகு நக்கவாரத்துக்கு (நிக்கோபார் தீவுகள்) தெற்கே புகுந்து, அந்த உயரம் மாறாமல் கிழக்கே ஓட்டினால் எதிரே குனோங் ஜெராய். 1,217 மீட்டர் மலை, வானம் வெளுத்திருந்தால் 120 கிலோமீட்டர் தள்ளியே உச்சி தெரியும். கடலில் முதலில் கண்ணில் படுவது மலையல்ல, அதன்மேல் தேங்கிய மேகம் என்பார் தாத்தா.

குருண் அக்கா:
அண்ணே, ஒன்று விட்டுப்போச்சு. சோழ மன்னன் இராசேந்திரன் படை வந்த 1025இல் துருவ மீன் இப்போதுபோல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. துருவத்தைவிட்டு ஐந்தாறு பாகை விலகிச் சுற்றியது. கெடாவில் சில நேரம் அடிவானத்தையே தொட்டிருக்கும். பக்கத்து மீன்களைப் பார்த்துக் கூட்டிக் கழிக்கத் தெரியாதவன் கரை சேர்ந்திருக்க முடியாது. பிற்காலத்து அரபு மாலுமிகளும் துருவ மீன் தாழ்ந்தால் கரடி எனும் விண்மீன் கூட்டத்து மீன்களைத்தான் அளந்தார்கள்.

பால்மரத்துப் பேரன்:
உண்மைதான் தங்கச்சி, அந்தக் கூட்டல் கழித்தல்தான் பெரிய வித்தை. தம்பி, பிள்ளைக்கு மீனின் உயரம் அளக்கும் இராப்பலகை செய்து கொடுங்கள். 5 சென்டிமீட்டர் உயர அட்டை, நடுவில் துளை, அதில் முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்க அட்டையைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பு அடிவானத்தில், மேல் விளிம்பு மீனில். அட்டையிலிருந்து 26 சென்டிமீட்டரில் நாகப்பட்டினம் முடிச்சு, 50இல் மெர்போக்.

பீடோங்வாசி:
பிஸ்கட் பெட்டி அட்டையில் செய்துவிட்டாள். 50 சென்டிமீட்டருக்கு அவள் கை எட்டவில்லை. நான் அட்டையைப் பிடிக்க, அவள் முடிச்சைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.