ஜல்லி மாறினால் கான்கிரீட்டின் கிரீப் மாறுமா?

பாலத்தூண்:
நிலையான பாரத்தின் கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல உருமாறும் கிரீப்பைக் கணக்கிடும்போது, 28 நாளில் பாரம் ஏற்றினால் 1.6 என்று இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 தரும் குணகத்தை (பாரம் ஏற்றியதும் ஏற்படும் உருமாற்றத்தைப் போல் கிரீப் எத்தனை மடங்கு என்பதை) அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஜல்லி எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. டிராக்செல், ரஃபேல், டேவிஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1958இல் வெளியிட்ட நீண்டகாலச் சோதனைகளிலோ, மணற்பாறை ஜல்லி இட்ட கான்கிரீட்டின் கிரீப், சுண்ணாம்புப் பாறை ஜல்லி இட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இதை ஒதுக்கிவிட்டு வடிவமைப்பது பெரும் தவறு.

சிமென்ட்பசை:
ஐயா, கான்கிரீட்டில் ஊர்வது, அதாவது கிரீப்புக்கு உள்ளாவது, சிமென்ட் பசை. கல் அதைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. பசையின் அளவு, நீர்–சிமென்ட் விகிதம், பாரம் ஏற்றும் வயது, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றுக்கு முன்னால் கல்லை நிறுத்துவது முறையன்று. பாறையின் விறைப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால், மேலும் கூடினாலும் கிரீப் அதிகம் குறைவதில்லை. பலாவ் நாட்டில் 1977இல் கட்டப்பட்ட, 241 மீட்டர் இடைவெளி கொண்ட கோரோர்–பாபெல்தாப் பாலத்தில் இட்டது எரிமலைப் பாறையான பசால்ட் ஜல்லி. ஆனாலும் அதன் நடுப்பகுதி 18 ஆண்டுகளில், வடிவமைப்பு மட்டத்திலிருந்து 1.61 மீட்டர் தாழ்ந்தது.

பாலத்தூண்:
அந்தப் பாலத்தைக் கொண்டு கல்லைத் தள்ளிவிட முடியாது. நான் சொன்ன சோதனையிலேயே மணற்பாறைக்கு அடுத்தபடியாக அதிகம் ஊர்ந்தது பசால்ட் கான்கிரீட். பெயரைக் கேட்டுக் கடினமான பாறை என்று நம்பாமல், அதன் விறைப்பையும் நுண்துளையையும் நீர் உறிஞ்சும் தன்மையையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். கல் வெறுமனே தடுக்கிறது என்பதும் முழு உண்மையன்று: ஸ்காட்லாந்தின் சில டாலரைட் ஜல்லிகள் உலரும்போது தாமே சுருங்குவதால், அவற்றை இட்ட கான்கிரீட்டின் சுருக்கம் வழக்கத்தைவிட மிகுகிறது.

கலவைக்கூடம்:
வேலை நடுவில் குவாரி மாறுவது நம் பக்கம் சாதாரணம். கியூப் உடைத்துப் பார்த்தால் இரண்டு கல்லும் ஒரே வலிமை காட்டலாம். 150 மில்லிமீட்டர் விட்டமும் 300 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளையில் விறைப்பைக் காட்டும் மீள்மைக் குணகத்தை அளந்தால்தான் வேறுபாடு தெரியும்.

சிமென்ட்பசை:
அந்த அளவீட்டை ஏற்கிறேன். மீள்மைக் குணகத்துக்குச் சூத்திரம் தரும் ஐஎஸ் 456ஏ, அளந்த மதிப்பு அதிலிருந்து 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. ஆனால் அந்த அளவீடு அந்த நேரத்து விறைப்பை மட்டுமே சொல்லும். நீண்ட இடைவெளிப் பாலத்துக்கு மாதக்கணக்கில் கிரீப் சோதனையே நடத்த வேண்டும். சாதாரண வீட்டுக் கூரைக்கு அந்தச் செலவு தேவையில்லை, முட்டுக்களை அவசரப்பட்டு எடுக்காமல் இருந்தாலே பெரும் பகுதி தாழ்வைத் தவிர்க்கலாம்.